பதின்வயதினருக்கு விசுவாச நாவல் எழுத வருகிறவர்களுக்கு

12 வயதுக்கும் 18 வயதுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பிள்ளை நம் நாவலைக் கையில் எடுத்தால், முதல் அத்தியாயம் முடிவதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். இது கதையா, கதை வேஷம் போட்ட பிரசங்கமா என்பதுதான் அது. பிரசங்கம் என்று தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். அம்மாவின் மனசு நோகக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் பக்கம் புரட்டும், அப்புறம் மூடி வைத்துவிடும். நான் இந்தப் பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவ விசுவாசத்தை மையமாக வைத்து நாவல் எழுதுகிறவள். சண்டே ஸ்கூலில் பல வருஷம் பாடம் எடுத்தவள். புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம்?” என்பதுதான். அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

இந்த 12–18 என்ற எல்லை நானாகப் போட்டதில்லை. அமெரிக்காவில் 1957-ல் தொடங்கிய இளையோர் நூலகச் சேவைச் சங்கம் வைத்திருக்கும் கணக்கு அது. பதிப்பகங்களும் ஏறக்குறைய அதையே பின்பற்றுகின்றன. இந்த வயதில் விசுவாசம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி ஜேம்ஸ் ஃபவுலர் என்ற இறையியலாளர் 1981-ல் விரிவாக எழுதினார். விசுவாச வளர்ச்சியை அவர் படிநிலைகளாகப் பிரித்தார். பதின்வயதில் ஒருவருடைய விசுவாசம் பெரும்பாலும் வீடு, சபை, நண்பர்கள் என்று சுற்றியிருப்பவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டதாக இருக்கும். அதைத் தானே தனியாக நின்று சோதித்துப் பார்க்கும் கட்டம் அதற்கு அப்புறம்தான் வரும் என்பது அவருடைய பார்வை. நம் நாவலுக்கான இடம் சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அப்பா அம்மாவிடமிருந்து வந்த விசுவாசம் ஒரு நாள் போதாமல் போகிறது. அதை விட்டுவிடுவதா, தன்னுடையதாக்கிக்கொள்வதா என்று அந்தப் பிள்ளை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். போதகர் எடுத்துக் கொடுக்கக் கூடாது, பாட்டி எடுத்துக் கொடுக்கக் கூடாது, எழுதுகிற நாமும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இனி நான் சொல்லப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான்.

கேள்வியை முதலில் பிடியுங்கள்

“மன்னிப்பைப் பற்றி ஒரு நாவல் எழுதப்போகிறேன்” என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கவலையாகிவிடும். மன்னிப்பு என்பது தலைப்பு. அதைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கிறது. முடிவு தெரிந்தபின் கதாபாத்திரங்கள் அந்த முடிவை நோக்கி வரிசையாக நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அதைவிட, ஒரு பிள்ளைக்கு உண்மையில் இருக்கிற, பதில் சொல்லச் சிரமமான ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

சண்டே ஸ்கூலில் நாங்கள் ஒரு பெட்டி வைத்திருந்தோம். பெயர் எழுதாமல் கேள்வியை எழுதிப் போடலாம். முதலில் வந்தவையெல்லாம் நோவாவின் பேழையில் டைனோசர் இருந்ததா என்கிற ரகம். பெட்டியை நம்பலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த பிறகு வந்த கேள்விகள் வேறு. அப்பா சபையில் அழுது ஜெபிக்கிறார், வீட்டுக்கு வந்து அம்மாவை அடிக்கிறார், அவருடைய ஜெபத்தை ஆண்டவர் கேட்பாரா? என் உயிர்த்தோழி கிறிஸ்தவள் இல்லை, என்னைவிட நல்லவள், அவளுக்கு என்ன ஆகும்? எல்லாரும் ஆண்டவர் பேசினார் என்கிறார்கள், என்னிடம் மட்டும் ஏன் பேசவில்லை? இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாவல் முழுக்கப் போதும். உங்களுக்கே அதற்குப் பதில் தெரியவில்லை என்றால் இன்னும் நல்லது. தேடுகிற குரல் உண்மையாக வரும்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் நம்பிச் சொன்னதை அப்படியே கதையில் போடாதீர்கள். பெயரை மாற்றினால் போதாது. சம்பவத்தையும் குடும்பத்தையும் மாற்றுங்கள். கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தான் நம்பிப் பேசியது அச்சில் வந்திருப்பதைப் பார்க்கிற பிள்ளை அப்புறம் எந்தப் பெரியவரையும் நம்பாது.

வேதத்தைக் கதைசொல்லியாகப் படியுங்கள்

வசனம் தேடுவதற்காக வேதத்தைத் திறப்பது நமக்குப் பழக்கம். எழுதுகிறவர்கள், அங்கே கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதற்காகவும் அதைத் திறக்க வேண்டும். எஸ்தரின் புஸ்தகத்தில், எபிரெய மூலத்தில், தேவனுடைய பெயர் ஓரிடத்தில்கூட வராது. ஆனாலும் விசுவாசம் இல்லாத கதை என்று அதை யாரும் சொல்வதில்லை. “பக்கத்துக்கு ஒரு தடவையாவது ஆண்டவர் பெயர் வராவிட்டால் அது கிறிஸ்தவ நாவலா?” என்று யாராவது கேட்டால், எஸ்தரைக் காட்டுங்கள்.

யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெடுகிறது. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வருவது, கேள்வி கேட்ட யோபுவின் மேல் இல்லை, அவருக்காக வாதாடிய அந்த நண்பர்களின் மேல். நம் நாவல்களில் கஷ்டப்படும் பிள்ளைக்கு உடனே ஒரு வசனம் சொல்லிச் சமாதானப்படுத்தும் பெரியவர்களை எழுதும்போதெல்லாம் நான் இந்த அதிகாரங்களைத் திரும்பப் படிப்பேன். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது; கடைசி வரியில்கூட விடியவில்லை. அதையும் ஜெபம் என்றுதான் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் லூக்கா 15. இளைய குமாரன் திரும்பி வந்த கதை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூத்தவன் கோபத்தோடு வெளியே நிற்கிறான், தகப்பன் வெளியே வந்து அவனை வருந்திக் கூப்பிடுகிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் விட்டுவிட்டார். ஒரு இளையோர் நாவலை எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது இங்கேதான். தாவீதிடம் நாத்தான் வந்து ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். கதையைக் கேட்டு, கோபப்பட்டு, தீர்ப்பும் சொன்ன பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” என்ற வார்த்தை வருகிறது. தாவீதின் கோபம் முதலில் தானாகவே எழுந்தது. வாசிக்கிற பிள்ளையிடமும் அது நடக்க வேண்டும்.

வேதத்தில் இளைஞர்களுக்குக் குறைவில்லை. யோசேப்பு 17 வயதில் அறிமுகமாகிறான், கூடவே அண்ணன்களைப் பற்றி அப்பாவிடம் கோள் சொல்கிறான். சாமுவேல் கூப்பிடுகிற குரல் யாருடையது என்று தெரியாமல் ஏலியிடம் ஓடுகிறான். பவுல் நெடுநேரம் பிரசங்கம் பண்ணியதில் தூங்கிப்போய் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்த ஐத்திகு என்ற வாலிபனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவன் தூங்கினதற்காக அந்தப் பகுதியில் ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை.

ஒரு ஜெபக் காட்சியை அருகிலிருந்து பார்ப்போம்

இந்த வகை நாவலில் எழுதக் கடினமானது ஜெபம். இரண்டு விதமாக ஒரே காட்சியை எழுதிக் காட்டுகிறேன். தபித்தாவுக்கு 16 வயது. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார்; திரும்பி வர வேண்டும் என்று அவள் ஜெபித்துக்கொண்டே இருந்தாள்; வரமாட்டார் என்று இன்று தெரிந்துவிட்டது.

முதல் விதம்:

தபித்தா முழங்காற்படியிட்டாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. “ஆண்டவரே, என் பாரங்களையெல்லாம் உம் பாதத்தில் வைக்கிறேன். உம்முடைய சித்தம் ஆகட்டும்” என்று ஜெபித்தாள். அந்த நிமிடமே ஒரு தெய்வீகச் சமாதானம் அவள் உள்ளத்தை நிரப்பியது. இனி எல்லாம் நன்மைக்கே என்று அவளுக்குப் புரிந்தது.

இரண்டாம் விதம்:

ஜெபிக்கலாம் என்றுதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அன்புள்ள ஆண்டவரே” என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. அடுத்த அறையில் அம்மா அலமாரியைத் திறந்து அப்பாவின் சட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஹேங்கர் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது. மறுபடியும் ஒரு தடவை. அப்புறம் சத்தமே இல்லை. தபித்தா காத்திருந்தாள். “நீங்க இருக்கீங்கன்னா ஏதாவது சொல்லுங்க” என்றாள் மெதுவாக. அடுத்த அறையில் இன்னும் சத்தம் இல்லை. எழுந்து போனாள். அம்மா ஒரு நீலச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். தபித்தா அதை வாங்கி, கட்டிலில் விரித்து, கைகளை உள்ளே மடித்தாள்.

முதல் காட்சியில் தவறான வார்த்தை ஒன்றுமில்லை. அப்படி ஜெபிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் சமாதானம் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே தபித்தா இல்லை. அந்த ஜெபத்தை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சமாதானம் வந்ததாக நான் அறிவிக்கிறேன், வாசகி அதை நம்பித்தான் ஆக வேண்டும். இரண்டாவதில் அவள் ஆண்டவரோடு சரியாகப் பேசக்கூட இல்லை. ஆனால் கேட்டாள். எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளை எழுப்பியது யார்? அதை நான் எழுதவில்லை. வாசிக்கிற பிள்ளைக்குச் சந்தேகம் இருந்தால் சந்தேகத்தோடு படிக்கட்டும், விசுவாசம் இருந்தால் விசுவாசத்தோடு படிக்கட்டும். மாற்கு 9-ல் அந்தப் பையனின் தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறுகிறானே, அந்த ஒரே மூச்சில் இரண்டும் இருக்கின்றன. இளையோர் நாவலின் ஜெபங்களுக்கு அதுதான் என் அளவுகோல்.

செய்முறையாகச் சொன்னால்: ஜெபக் காட்சியை எழுதி முடித்ததும் “சமாதானம்”, “நிரப்பியது”, “உணர்ந்தாள்”, “புரிந்தது” போன்ற வார்த்தைகளை அடித்துவிட்டு, அந்த நேரத்தில் அவள் கை என்ன செய்தது, காதில் என்ன விழுந்தது என்று எழுதிப் பாருங்கள். ஜெபத்தின் மொழியையும் கவனியுங்கள். சபையில் சத்தமாக ஜெபிக்கும்போது அவளுக்கு “கிருபையுள்ள பிதாவே” வரும். தனியாக இருக்கும்போது வராது. இந்த இரண்டு மொழிக்கும் உள்ள தூரத்தைக் காட்டினாலே அவளுடைய மனநிலை பாதி தெரிந்துவிடும்.

பெரியவர்களும் மற்றவர்களும்

போதகரை மகாத்மாவாக்காதீர்கள், கயவனாகவும் ஆக்காதீர்கள். இரண்டுமே எழுதுவதற்குச் சுலபம். தன் சொந்தப் பிள்ளை சபைக்கு வர மறுப்பதை மறைத்துக்கொண்டு மற்ற பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் போதகர், கேள்வி கேட்கும் மாணவியைப் பார்த்துப் பயப்படும் வாலிபர் தலைவர் என்று யோசியுங்கள். பெரியவர்களுக்கு ஞானம் இருக்கலாம். ஆனால் கதையின் முடிச்சை அவிழ்க்கிற சக்தி அவர்கள் கையில் இருக்கக் கூடாது.

கிறிஸ்தவரல்லாத தோழியைப் பற்றி எனக்குக் கண்டிப்பான ஒரு விதி உண்டு. கடைசி அத்தியாயத்தில் மனந்திரும்புவதற்காக மட்டுமே ஒரு கதாபாத்திரத்தைப் படைக்காதீர்கள். அவளுக்கென்று வீடு, ஆசை, கோபம், அவளுடைய சொந்த நம்பிக்கை எல்லாம் இருக்கட்டும். சில இடங்களில் நம் நாயகியைவிட அவள் சொல்வதே சரியாக இருக்கட்டும். உங்கள் புத்தகத்தை அந்தத் தோழியின் இடத்திலிருக்கும் ஒரு பிள்ளையும் படிப்பாள் என்பதை நினைத்து எழுதுங்கள்.

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்

தற்கொலை எண்ணம், உடலைக் காயப்படுத்திக்கொள்வது, பாலியல் கொடுமை, வீட்டு வன்முறை. இவற்றை இளையோர் நாவலில் எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம், எழுதவும் வேண்டும் என்பேன். சபைக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும் இவை நடக்கின்றன. ஆனால் எழுதும் விதத்தில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. திரைப்படத்துக்கும் மேடைக்கும் எழுதுகிறவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தற்கொலைச் சித்திரிப்பு பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நாவலாசிரியர்களும் அதைப் படித்துவிட வேண்டும். முறையையும் செயலையும் விவரிக்காமல் இருப்பது, உதவி கேட்டால் கிடைக்கும் என்று காட்டுவது, நெருக்கடியிலிருந்து மீண்டவர்களைக் காட்டுவது எல்லாம் அதில் வருகின்றன.

அதோடு விசுவாச எழுத்தாளர்களுக்கென்றே சில கவனங்கள் உண்டு. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை ஒரு ஜெபக் கூட்டத்தோடு குணமாகிவிட்டதாக எழுதாதீர்கள். அதைப் படிக்கிற, ஜெபித்தும் குணமாகாத பிள்ளை, தன் விசுவாசம்தான் குறை என்று முடிவு கட்டிவிடும். ஜெபிக்கிற கதாபாத்திரமே மருத்துவரிடமும் போகட்டும், மருந்தும் சாப்பிடட்டும். இரண்டுக்கும் நடுவில் சண்டை மூட்ட வேண்டியதில்லை. கொடுமைக்குள்ளான பிள்ளை குற்றவாளியை மன்னித்தவுடன் கதை சுபமாக முடிவதையும் தயவுசெய்து எழுதாதீர்கள். முதலில் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. யாரோ ஒரு பெரியவர் நம்ப வேண்டும், வெளியே சொல்ல வேண்டும், அந்தக் கொடுமை நிற்க வேண்டும். மன்னிப்பு எப்போது வரும், எந்த வடிவத்தில் வரும் என்பதற்கு அந்தப் பிள்ளைக்குக் காலக்கெடு வைக்க நமக்கு உரிமை இல்லை. இந்தப் பகுதிகளை எழுதினால் மனநல ஆலோசகர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். உதவி எண்கள் இருக்கும் ஒரு பக்கத்தையும் புத்தகத்தின் பின்னால் சேர்க்கச் சொல்லுங்கள்.

காதல், உடல் பற்றிச் சுருக்கமாக: ஆசையே இல்லாத பதின்வயதினரை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆசையை அவமானமாக மாற்றாமல், அதை வாசகருக்குத் தீனியாகவும் போடாமல் எழுத முடியும்.

நீளம், படி, முதல் வாசகர்கள்

ஆங்கிலத்தில் சமகால இளையோர் நாவல் என்றால் 50,000-லிருந்து 80,000 வார்த்தைகள், கற்பனை உலகக் கதையென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. தமிழில் எழுதுகிறவர்கள் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை தமிழில் கணிசமாகக் குறைந்த வார்த்தைகளில் வந்துவிடும். பக்கத்தையும் அத்தியாயத்தையும் வைத்துக் கணக்கிடுங்கள்.

நாவலின் முதல் வரைவை முடிக்கும்வரை யாரிடமும் காட்டாமல் இருப்பதுதான் என் பழக்கம். முடிந்ததும் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, சத்தமாக வாசித்துத் திருத்துவேன். பிறகு மூன்று விதமான வாசகர்களுக்குக் கொடுப்பேன். சபையில் வளர்ந்த ஒரு பதின்வயதுப் பிள்ளை. சபை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பிள்ளை. இறையியல் படித்த ஒரு பெரியவர். கடைசியாகச் சொன்னவரிடம் வசனங்களும் உபதேசமும் சரியா என்று மட்டும் கேளுங்கள். கதையை எப்படிக் கொண்டுபோவது என்று அவரிடம் கேட்டால் பிரசங்கமாகத்தான் திரும்பி வரும். பிள்ளைகளிடம் “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள்; மரியாதைக்குப் பிடித்தது என்பார்கள். “எந்தப் பக்கத்தில் போனைக் கையில் எடுத்தாய்?” என்று கேளுங்கள். “யார் பேசுவது நிஜமாகப் பேசுகிற மாதிரி இல்லை?” என்று கேளுங்கள். சபை தெரியாத பிள்ளையிடம், புரியாத சொல்லையெல்லாம் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். “அபிஷேகம்”, “பாரம்”, “பின்மாற்றம்” எல்லாவற்றையும் சுற்றி வட்டம் வரும். சிலவற்றை வைத்துக்கொள்ளலாம், ஆனால் காட்சியிலிருந்தே பொருள் விளங்குகிற மாதிரி.

பிள்ளைகளிடம் கையெழுத்துப்படியை வாசிக்கக் கொடுப்பதை அவர்களுடைய பெற்றோரின் அனுமதியோடு செய்யுங்கள். அது பிறகு வரும் பல சிக்கல்களைத் தவிர்க்கும்.

வசனமும் பாட்டும் யாருக்குச் சொந்தம்

வேத வசனத்தைப் புத்தகத்தில் போடுவதற்கு அனுமதியா என்று ஆச்சரியப்படாதீர்கள். மொழிபெயர்ப்புக்குக் காப்புரிமை உண்டு. ஆங்கிலத்தின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு 1611-ல் வந்தது. பிரிட்டனில் அரச உரிமை அதன்மேல் இன்னும் இருக்கிறது, மற்ற நாடுகளில் தாராளமாகப் பயன்படுத்தலாம். நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் என்ற இக்கால ஆங்கில மொழிபெயர்ப்பு 500 வசனங்கள் வரை தனி அனுமதியின்றி மேற்கோள் காட்ட விடுகிறது. ஆனால் ஒரு முழுப் புஸ்தகத்தையும் எடுத்துவிடக் கூடாது, வசனங்கள் உங்கள் நூலில் கால்வாசியைத் தொடவும் கூடாது, காப்புரிமைக் குறிப்பும் போட வேண்டும். தமிழ் உட்பட வேறு எந்த மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினாலும் அந்த வேதாகமத்தின் முன்பக்கத்தில் இருக்கும் உரிமைக் குறிப்பைப் படித்துவிட்டு வெளியீட்டாளருக்கு எழுதிக் கேளுங்கள்.

ஆராதனைப் பாடல்களில் இன்னும் ஜாக்கிரதை. இப்போது சபைகளில் பாடப்படும் பெரும்பாலான பாடல்களின் வரிகள் உரிமைக்குட்பட்டவை. இரண்டு வரிதானே என்று போட்டுவிட முடியாது. எழுதியவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பழைய கீர்த்தனைகளாக இருந்தால் பொதுவில் வந்திருக்கும். பெர்ன் என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தப்படி குறைந்தபட்சக் காலம் ஆசிரியர் இறந்து 50 ஆண்டு, பல நாடுகளில் 60 அல்லது 70. பாட்டின் தலைப்பைச் சொல்லலாம். அல்லது, ‘பாட்டின் இரண்டாம் சரணத்தில் அவள் குரல் நின்றுபோனது’ என்று எழுதலாம். பாட்டு வரியைவிட அதுவே அழகாக வரும்.

எங்கே கொடுப்பது

இரண்டு பாதைகள் உண்டு: கிறிஸ்தவப் பதிப்பகம், பொதுப் பதிப்பகம். கிறிஸ்தவப் பதிப்பகங்கள் வாசகர்களின் பெற்றோரையும் சபைகளையும் மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கும். கெட்ட வார்த்தை, பாலியல் காட்சி, உபதேச வேறுபாடு எல்லாவற்றிலும் அவர்களுக்கு எழுத்தில் இருக்கும் விதிகளும் எழுத்தில் இல்லாத விதிகளும் உண்டு. பொதுப் பதிப்பகங்கள் விசுவாசத்தை ஒதுக்குவதில்லை. மதம் மாற்றும் நோக்கத்தைத்தான் ஒதுக்குகின்றன. நான் மேலே சொன்ன மாதிரி, முடிவைப் பிள்ளையிடமே விட்டு எழுதப்பட்ட நாவல் இரண்டு கதவையும் தட்டலாம்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்தத் துறையின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. சான்டர்வன், தாமஸ் நெல்சன் என்ற இரண்டு கிறிஸ்தவப் பதிப்பகங்களில் முதலாவதை 1988-ல் ஹார்பர் அண்ட் ரோ (இன்றைய ஹார்பர்காலின்ஸ்) வாங்கியது, இரண்டாவது 2012-ல் ஹார்பர்காலின்ஸ் கைக்குப் போனது. ஆகவே இரண்டு பெயர், ஒரே முதலாளி. என்க்ளேவ் என்ற பதிப்பகம் கிறிஸ்தவப் பார்வையில் எழுதப்பட்ட மிகுபுனைவு, அறிவியல் புனைவு நூல்களையே வெளியிடுகிறது. 2000-ல் தொடங்கிய அமெரிக்கக் கிறிஸ்தவப் புனைகதை எழுத்தாளர் சங்கம் மாநாடும் பயிற்சியும் நடத்துகிறது. அதே ஆண்டிலிருந்து வழங்கப்படும் கிறிஸ்டி விருதுகளில் இளையோர் நாவலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பரிசு வாங்கியவற்றையும் இறுதிப் பட்டியலில் வந்தவற்றையும் படித்தால், எது ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று தெரியும்.

அனுப்ப வேண்டியவை: ஒரு பக்கக் கடிதம், கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள். அந்தந்தப் பதிப்பகம் கேட்பது வேறாக இருந்தால் கேட்டதை மட்டும். கடிதத்தில் “ஆண்டவர் இந்தக் கதையை எனக்குக் கொடுத்தார்” என்று எழுதாதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடிதத்தைப் படிக்கிற ஆசிரியருக்கு நீங்கள் திருத்தம் ஏற்றுக்கொள்ளமாட்டீர்கள் என்ற பயம்தான் வரும். நாயகி யார், அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தவறினால் எதை இழப்பாள் என்று சொல்லுங்கள். கதைச் சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். அங்கே ரகசியம் காக்கக் கூடாது.

பெரிய ஆங்கிலப் பதிப்பகங்களில் பல, முகவர் (எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசுகிறவர்) வழியாக மட்டுமே பார்க்கும். முகவரின் பங்கு வழக்கமாக 15 சதவீதம், அதுவும் உங்களுக்குப் பணம் வந்தபிறகு. படித்துப் பார்ப்பதற்கே கட்டணம் கேட்கும் முகவரிடமும், அச்சிட உங்களிடமே பணம் கேட்டுவிட்டு “ஊழியம்” என்று பேசும் நிறுவனத்திடமும் போகாதீர்கள். ஊழியம் என்ற வார்த்தை கேட்டால் நம்மவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். படியுங்கள். எந்தெந்த உரிமைகளைக் கொடுக்கிறீர்கள், ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் அதில் சேருமா, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும், ராயல்டி அட்டை விலையிலா, நிகர வருவாயிலா (கடைகளுக்கான தள்ளுபடி போகப் பதிப்பகத்துக்கு வருவது) என்று பாருங்கள். கிறிஸ்தவப் பதிப்பகங்களில் நிகர வருவாய்தான் அதிகம். மின்னூலுக்குப் பெரிய பதிப்பகங்கள் கொடுப்பது பொதுவாக நிகரத்தில் 25 சதவீதம்.

சொந்தமாக வெளியிடுவதென்றால், அமேசானின் கிண்டில் தமிழ் மின்னூல்களை ஏற்றுக்கொள்கிறது. விலையையும் விற்கும் நாட்டையும் பொறுத்து 35 அல்லது 70 சதவீதம் உங்களுக்கு வரும். கிண்டிலின் ‘செலக்ட்’ என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அச்சு நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் வேண்டும். 2007-லிருந்து அது 13 இலக்கம். சில நாடுகளில் அரசே இலவசமாகத் தருகிறது, சில நாடுகளில் வாங்க வேண்டும். பணம் கொஞ்சமாக இருந்தால் அதை மெய்ப்புத் திருத்துகிறவருக்கும் அட்டை வரைகிறவருக்கும் கொடுங்கள், விளம்பரத்துக்கு வேண்டாம். அட்டையில் சிலுவையும் புறாவும் ஒளிக்கதிரும் போட்டால் பெற்றோர் வாங்குவார்கள், பிள்ளை தொடமாட்டாள். நாயகியின் முகமோ, அவள் வாழ்க்கையில் இருக்கும் ஒரு பொருளோ போதும்.

புத்தகம் வந்த பிறகு

காசு கொடுப்பது பெற்றோரும் சபை நூலகமும், படிப்பது பிள்ளை. இருவருக்கும் தனித்தனியாகப் பேச வேண்டியிருக்கும். பெற்றோருக்கு, உள்ளே என்ன கடினமான விஷயங்கள் வருகின்றன என்று பின்னட்டையிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பாதியில் பிடுங்கி வைப்பார்கள். வாலிபர் கூட்டங்களுக்கு அழைத்தால், புத்தகத்தின் கருத்தை விளக்காமல் ஒரு காட்சியை வாசித்துவிட்டு, “நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அமைதி நீளும். நிரப்பாதீர்கள். பின்வரிசையில் யாராவது பேசுவார்கள்.

பிள்ளைகள் உங்களுக்கு எழுதுவார்கள், இதற்கு இப்போதே தயாராகுங்கள். “தபித்தா மாதிரிதான் நானும்” என்று தொடங்கும் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள், சுருக்கமாக எழுதினாலும் சரி. பெற்றோரோ சபையோ அறியாமல் தனிப்பட்ட உரையாடலாக அதை வளர்க்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்தில் இருப்பதாகத் தெரிகிற கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் எழுதுங்கள். எழுதியதற்கு நன்றி சொல்லுங்கள், நம்புகிறேன் என்று சொல்லுங்கள், அவர்கள் இருக்கும் இடத்தின் உதவி எண்ணைக் கொடுங்கள், நம்பக்கூடிய பெரியவர் யார் இருக்கிறார் என்று பெயர் கேளுங்கள். பெயர் வந்ததும் அந்தப் பெரியவரிடம் பேசுவதற்கு என்ன வார்த்தைகளில் தொடங்கலாம் என்று அந்தப் பிள்ளையோடு சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.